கேட்டால்தான் அவுட்

ஜனவரி 1, புதன்

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆன பிறகும் கப்பல் ஏஜென்சிக்காரர்கள் எனக்கு டைரி அனுப்புகிறார்கள். எப்போதும் அதை என் மனைவி எமரென்சிதான் எடுத்துக்கொள்வாள், மாதா கோவில் பாட்டு எழுதிவைக்க. அவள் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போன பிறகு வந்த டைரி பிரிக்காமலே கிடந்தது. ஆளில்லாத வீட்டில் வாய்விட்டுப் பேசினால் பைத்தியம் என்பார்கள். எழுதினால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் இந்த வருஷம் நான் எழுதப்போகிறேன்.

புதுவருஷப் பூசைக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் சாமியார் வாய்க்குள்ளேயே பேசுகிறார், பிரசங்கம் முழுக்க உதடு அசைந்ததுதான் மிச்சம். கோவில் மணியையும் இப்போதெல்லாம் பயந்து பயந்து அடிக்கிறார்கள். வெளியே பார்த்தவர்கள் எல்லாம் எமரென்சி எப்போது வருகிறாள் என்று கேட்டார்கள். அடுத்த மாதம் என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

லீக் தொடங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு, தொப்பியைத் தட்டி, வலது பையில் ஆறு சோழிகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பந்துக்கு ஒரு சோழியாக வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். மற்ற அம்பயர்கள் சின்னக் கருவி ஒன்றை உள்ளங்கையில் வைத்து அமுக்கி எண்ணுகிறார்கள். எனக்குச் சோழிதான் சரி. கல்யாணமான புதிதில் எமரென்சி கடற்கரையில் பொறுக்கித் தந்தவை.

நான் துறைமுக அணிக்கு ஆடிய காலத்தில் என் பேட்டில் பந்து பட்டதே அபூர்வம். ஒருநாள் அம்பயர் வரவில்லை, ‘சும்மாதானே இருக்கே’ என்று என் மேல் கோட்டை மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கழற்றச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் லீக் ஆடியவன் எவனும் என்னை மிராந்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அப்பனுக்கும் அண்ணாச்சி, அவன் மகனுக்கும் அண்ணாச்சி. என்னிடம் அவுட் வாங்கி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவன், கல்யாணப் பத்திரிகையோடு முதலில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான்.

ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் அணியோடு உட்கார்ந்துவிடுவார்கள். அம்பயருக்கு அணி கிடையாது. வேப்பமரத்தடியில் நானும் காஜாவும்தான். காஜா மொய்தீன் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், நெடுங்காலமாக எனக்கு ஜோடி அம்பயர். சாப்பிடும்போது அவர் பேசுகிற ஆளில்லை, நானும் இல்லை.

இது என் கடைசி சீசன் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். ஃபைனலில் நின்றுவிட்டுக் கோட்டைக் கழற்றுவேன். அதற்குள் எமரென்சி வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 9, வியாழன்

குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. ஆவி மட்டும் போகிறது. புது வெயிட் வாங்கி மாட்டினேன், அதுவும் ஊமை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரோசம்மாள் பின்வாசல் வழியாக ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பருப்பு கரியாகிவிட்டது. கையைக் கையை ஆட்டி என்னவோ சொன்னாள். குக்கரைப் பற்றித்தான் இருக்கும் என்று நானும் ஆமாம் என்றேன். ஏனோ கோபமாகப் போய்விட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று ஒரு தப்பு. பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தது, நான் நான்கு காட்டிவிட்டேன். காஜா எதிர்ப்பக்கத்திலிருந்து ஆறு என்று சைகை செய்தார். உடனே ரத்து செய்தேன். முன்னே காட்டியதை ரத்து செய்ய ஒரு சைகை உண்டு. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வலது கை இடது தோளையும் இடது கை வலது தோளையும் தொடவேண்டும். பிறகு சரியானதைக் காட்டவேண்டும். ஸ்கோரர் பதிலுக்குக் கையைத் தூக்கும் வரை அம்பயர் அசையக்கூடாது, அடுத்த பந்தைப் போடவும் விடக்கூடாது. அந்தக் கை உயர்ந்தால்தான் நம் வார்த்தை போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

மகள் ஷெரின் பிறப்பதற்கு முன்னால் எமரென்சி மைதானத்துக்கு வருவாள். ஸ்கோரர் பெஞ்சின் ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருப்பாள். நான் எந்தச் சைகை காட்டினாலும் ஸ்கோரருக்கு முன்னால் இவள் கை உயரும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அம்பயர் சிரிக்கக்கூடாது. இந்தத் தோள் சைகையை முதல்முறை பார்த்தபோது, “இந்த வெயில்லயா உங்களுக்குக் குளிருது?” என்று வீடு வரைக்கும் கேலி செய்துகொண்டே வந்தாள்.

அப்போதெல்லாம் நிறையப் பேசுவாள். என் பெயரைச் சொல்ல மாட்டாள், “கேட்டியளா” என்றுதான் கூப்பிடுவாள். கேட்டியளா, மீன் வந்திருக்கு. கேட்டியளா, மழை வரும்போல. ஊருக்குப் போவதற்கு முந்தைய சில வருஷங்களில் அதை நிறுத்திவிட்டாள். வயதானால் பேச்சு குறையும்போல.

ஜனவரி 26, ஞாயிறு

போனில் ஷெரின். இந்த போனில் சத்தம் சரியில்லை, பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. சரி சரி என்றேன். அம்மா எங்கே என்றேன். வேலையாக இருக்கிறாள் என்று காதில் விழுந்தது. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதாம். பிரசவத்துக்கு உதவிக்கு என்று போனவள், குழந்தை நடந்தும் வரவில்லை.

நான் வா என்று கேட்கவில்லை. கேட்கமாட்டேன். போனவளுக்கு வரத் தெரியாதா? கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. எல்.பி.டபிள்யூ. பட்டப்பகலாகத் தெரிந்தாலும், எதிரணி கேட்காவிட்டால் அம்பயர் விரலைத் தூக்கக்கூடாது. கேட்டால்தான் அவுட். கேட்காததற்குப் பதில் சொல்வது அம்பயருக்கு அழகில்லை. நான் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று கீப்பர் பிடித்த ஒரு கேட்ச். கத்தினார்கள். கொஞ்சம் நிதானித்து விரலைத் தூக்கினேன். ஆட்டம் முடிந்ததும் அவுட்டான பையனே வந்து, மெல்லிசாகத்தான் பட்டது, எப்படி அண்ணாச்சி கண்டுபிடித்தீர்கள் என்றான். சங்கச் செயலாளர் பொன்பாண்டி பக்கத்தில் நின்று, “அண்ணாச்சி இப்பல்லாம் அவசரப்படவே மாட்டாரு. யோசிச்சுக் குடுப்பாரு” என்று பெருமையாகச் சொன்னார்.

ரகசியம் ஒன்றுமில்லை. கழுத்தைப் பார்க்கிறேன். பேட்டில் பட்டால் ஆடியவனுடைய கழுத்து தன்னால் பின்பக்கம் திரும்பும், கீப்பர் பிடித்தானா என்று. முகம் நடிக்கும், கை நடிக்கும், கழுத்துக்கு நடிக்கத் தெரியாது. சத்தத்தை நம்புவதைவிட இது நல்லது. கடற்கரை மைதானம், காற்று அதிகம், சத்தம் யாருக்குமே சரியாகக் கேட்காது.

யாருக்குமே கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலமில்லாத காலத்தில் மழை. ஆட்டம் இல்லை. இன்று ஒருவரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எல்லையிலிருந்து எறிந்த பந்து என் முதுகில் வந்து விழுந்தது. நல்ல அடி. ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பையன் அழாத குறை. எல்லோரும் கத்தினோமே அண்ணாச்சி என்றான். அப்போதுதான் மைதானத்திலிருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்து கத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆட்டத்தில் கவனமாக இருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

காஜா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவர் முதுகு பேசிக்கொண்டிருந்தது. நான் சரி சரி என்றேன். உப்பளம் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. கேட்டா நீங்க சொல்லியாகணும்.”

எதைக் கேட்க மாட்டார் என்று நான் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

பிப்ரவரி 17, திங்கள்

முதுகு வலி. தைலத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், அடிபட்ட இடத்துக்குக் கை எட்டவில்லை. தேய்த்துவிட ஆளில்லாமல் மூடியைத் திருகி அலமாரியில் வைத்தேன். அப்போது வந்த அழுகை வலியால் வந்ததில்லை.

எமரென்சி ரயிலேறிய சாயங்காலம் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ஒரே இரைச்சல். மாத்திரையை மறக்காதீர்கள் என்றிருப்பாள், அல்லது பின்கதவைப் பூட்டுங்கள் என்றிருப்பாள். நான் சிரித்துக்கொண்டே சரி சரி என்று தலையாட்டிக் கையசைத்தேன். அவள் கை அசைக்கவில்லை. வண்டி நகர்ந்து போகிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எதற்கு என்று இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பொன்பாண்டி வந்தார். வெகுநேரம் அழைப்புமணியை அமுக்கிவிட்டுக் கடைசியில் பின்வாசலைச் சுற்றி வந்தாராம். மணி கெட்டிருக்கும், ஆள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றேன். அவரே போய் இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

ஃபைனலுக்கு நானும் காஜாவும்தான். முடிந்ததும் மைதானத்திலேயே பாராட்டு விழா, பொன்னாடை, பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். எமரென்சி அக்காவும் கட்டாயம் மேடையில் இருக்கவேண்டும் என்றார். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அவர் போன பிறகு போனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அவள் பேசி எனக்குப் புரியாமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வந்தேன். கஞ்சி.

மார்ச் 16, ஞாயிறு

அரையிறுதி. ஸ்ரீவைகுண்டத்துப் பையன் இசக்கிராஜா இடதுகை சுழல் போடுகிறான். எனக்குப் பிடித்த பந்துவீச்சாளன். மற்றவர்களைப்போல முட்டிபோட்டுக் கூப்பாடு போடமாட்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் “அண்ணாச்சி?” என்று ஒரே ஒரு சொல், அவ்வளவுதான் அவன் அப்பீல். இந்த சீசனில் அதையும் விட்டுவிட்டான். முழு ஆட்டத்திலும் என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பக்குவம் வந்துவிட்டது, எது அவுட் எது இல்லை என்று அவனுக்கே தெரிகிறது என்று காஜாவிடம் சொன்னேன்.

காஜா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மார்ச் 29, சனி

கோட்டைத் துவைத்துக் காயப்போட்டேன். காலரில் எமரென்சி போட்ட தையல் இன்னும் பிரியவில்லை. நாளைக்குப் பந்து தெளிவாகப் படவேண்டும், அல்லது தெளிவாகப் படாமல் போகவேண்டும். மாதாவிடம் அதை மட்டும் கேட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நல்ல கூட்டம். பழைய ஆட்டக்காரர்கள் தொப்பையோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்திருந்தார்கள். ரூபன் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தான். அவன் நின்றால் அவன் அணிக்குக் கோப்பை, அவன் போனால் அடுத்த அணிக்கு. இது மைதானத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் முனையிலிருந்து இசக்கிராஜா போட்டான். ஓவரின் கடைசிப் பந்து, ஐந்து சோழி இடது பைக்குப் போயிருந்தது. ரூபன் இறங்கி வந்து ஆடினான். பந்து பேட்டைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. கீப்பர் ஒரே வீச்சில் பெயில்ஸைத் தட்டிவிட்டான். எல்லோரும் ஸ்கொயர் லெக்கில் நின்ற காஜாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். ஸ்டம்பிங். ரூபன் கால் கோட்டுக்குள்ளே வந்துவிட்டது, காஜா தலையசைத்து மறுத்தார். நான் ரூபன் கழுத்தைப் பார்த்தேன். திரும்பித்தான் இருந்தது. ஆனால் இறங்கி வந்து ஆடியவன் எப்படியும் ஸ்டம்பைத் திரும்பிப் பார்ப்பான். கழுத்து எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது சோழியை மாற்றினேன், “ஓவர்” என்றேன், இசக்கிராஜாவின் தொப்பியை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. பிட்ச் நடுவே எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். தொப்பியைப் பக்கத்தில் நின்ற ஃபீல்டரிடம் கொடுத்துவிட்டு ஸ்கொயர் லெக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் காஜா வேகமாக வந்து என் முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“இசக்கிராஜா உங்களக் கேட்டான் அண்ணாச்சி. கேட்சுக்கு. நீங்க பதிலே சொல்லல.”

திரும்பிப் பார்த்தேன். அவனும் இப்போது திரும்பியிருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். கோபமே இல்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் பழகிப்போன முகம். இவன் இந்த சீசன் முழுக்க என்னைக் கேட்டிருக்கிறான். நான் ஒவ்வொரு முறையும் அவன் கையில் தொப்பியைக் கொடுத்துவிட்டு நடந்திருக்கிறேன்.

அந்த முகத்தை எனக்கு வேறொரு இடத்திலும் தெரியும். ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒன்று மட்டும் யோசித்தேன். நாட் அவுட் என்று சொல்லிவிடலாம். கேட்டது, பதில் சொல்ல அவசியமில்லை என்று விட்டேன் என்று சொல்லிவிடலாம். அண்ணாச்சி சொன்னால் இந்த ஊரில் ஒருவனும் மறுபேச்சுப் பேசமாட்டான், இசக்கிராஜாவும் பேசமாட்டான். சாயங்காலம் பொன்னாடையோடு வீட்டுக்குப் போகலாம்.

ஓவர் என்று அம்பயர் சொல்லிவிட்டாலும் அதற்கு முன் கேட்ட அப்பீல் சாகாது. அடுத்த ஓவர் தொடங்காமலும், டைம் என்று ஆட்டத்தை நிறுத்தாமலும் இருக்கும் வரை அது செல்லும். எத்தனையோ புது அம்பயர்களுக்கு நானே சொல்லியிருக்கும் சட்டம்தான். கேள்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

நான் பிட்சுக்குத் திரும்பி வந்தேன். இசக்கிராஜாவைப் பார்த்து, இரண்டு கேப்டன்களும் பக்கத்தில் இருக்கும்போது, “எனக்குக் கேக்கல” என்றேன். சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. ஒருவன் முகமும் அசையவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன். “நீ கேட்டதும் கேக்கல. பந்து பட்டுச்சா படலியாங்கிறதும் கேக்கல. எனக்குக் காது கேக்கல.”

பிறகு காஜா பக்கம் திரும்பினேன். இத்தனை காலத்தில் கேட்சுக்கு நான் இன்னொரு அம்பயரைக் கேட்டதே இல்லை. “வாத்தியாரே, உமக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அண்ணாச்சி” என்றார். “பட்டுச்சு. என்கிட்ட ஸ்டம்பிங்தான் கேட்டாங்க.” அவர் கண் கலங்கியிருந்தது.

விரலைத் தூக்கினேன்.

ரூபன் என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொன்னான். வழக்கம்போலச் சரி சரி என்று தலை ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு, “என்ன சொன்ன?” என்றேன். அவன் நின்று, குனிந்து, என் முகத்துக்கு நேராக, “பட்டுச்சு அண்ணாச்சி. உங்க வாயால வரட்டும்னுதான் நின்னேன்” என்றான். ஒருவனை நான் அப்படிக் கேட்டதும் அவன் நின்று பதில் சொன்னதும் எனக்குப் புதிதாக இருந்தது.

ஆறு சோழியையும் எடுத்துக் காஜாவின் கையில் வைத்தேன். மீதி ஓவர்களுக்கு இரண்டு முனையிலும் பந்துவீச்சுப் பக்கம் அவரே நின்றார். நான் ஸ்கொயர் லெக்கில் நின்றேன், அங்கே கண் போதும். ரூபனின் அணி தோற்றது.

பாராட்டு விழாவை நடத்தத்தான் செய்தார்கள். பொன்பாண்டி மைக்கில் பேசினார், என்ன பேசினார் என்று தெரியாது. இரண்டு அணியும் வரிசையாக வந்து கை கொடுத்தன. இசக்கிராஜா பொன்னாடையைப் போர்த்திவிட்டு என் காலைத் தொடக் குனிந்தான், தடுத்து நிறுத்தினேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவது தெரிந்தது. அத்தனை கைகள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அக்காவுக்கு என்று போட்டு வைத்திருந்தார்கள்.

மார்ச் 31, திங்கள்

குக்கரில் ஒரு பழுதும் இல்லை. கையை மூடிமேல் வைத்தால் விசில் அதிர்வது தெரிகிறது.

ஏப்ரல் 2, புதன்

காஜா காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெகுநேரம் கை மடியிலேயே கிடந்தது. பல வருஷமாகத் தேய்ந்து வந்திருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் முதலில் யார் கவனித்தார்கள் என்று எழுதிக் காட்டிக் கேட்டார். மனைவி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கவனிக்கவில்லை. நான் அவளை மதிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். அவள் அப்படி நினைக்க நான் விட்டிருக்கிறேன்.

காதுக்கருவி தயாராக நாளாகும் என்றார்கள். அதுவரை காத்திருக்கப்போவதில்லை. அதற்குள் டைம் சொல்லிவிட்டால்?

ஏப்ரல் 3, வியாழன்

போன் செய்யவில்லை. போனில் கேட்கிற விஷயமில்லை இது. அடுத்த வெள்ளிக்கு ரயிலில் இடம் இருந்தது. ரோசம்மாளிடம் சாவி கொடுத்து வைப்பதாகச் சொன்னேன். அவள் இந்த முறை என் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். குக்கர் சத்தம் தெருவையே எழுப்புகிறது, கேட்கவில்லையா என்றுதான் அன்றைக்குக் கேட்டாளாம். நான் ஆமாம் என்றேனாம். சிரித்தோம்.

ஏப்ரல் 12, சனி. பெங்களூர்

காலையில் வந்து சேர்ந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். கதவைத் திறந்தது எமரென்சி. முடி நிறைய நரைத்திருக்கிறது. கையில் கரண்டி. உள்ளே குழந்தை என்னைப் பார்த்து அழுதது, ஷெரின் தூக்கிக்கொண்டாள்.

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். “எமரென்சி, எனக்குக் காது கேக்கல. ரொம்ப வருஷமா.”

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. என் இடது காது பக்கம் வந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, தெரியவில்லை என்று கையை விரித்தேன். அப்படியே பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஷெரின் ஓடிவந்து அப்பா அப்பா என்றாள், அதை உதட்டில் பார்த்தேன்.

எமரென்சி எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து, காஜாவைப்போலவே வார்த்தை வார்த்தையாக நிறுத்தி, “எப்போ இருந்து?” என்றாள்.

“நீ கேட்டியளான்னு கூப்பிடுறத நிறுத்திட்டன்னு நெனச்சேன்லா. அப்போ இருந்து.”

“நான் எங்க நிறுத்துனேன்?” என்றாள். “ரயிலேறுற வரைக்கும் கூப்பிட்டேனே.”

அத்தனை வருஷம் ஒரே வீட்டுக்குள் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டேன். அன்றைக்கு ரயில் ஜன்னலில் என்ன சொன்னாய், இரைச்சலில் கேட்கவில்லை என்றேன்.

அவள் ஷெரினைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“கேட்டியளா, நான் அங்கேயே இருந்துரட்டுமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லியேன்னு கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே சரி சரின்னு தலையாட்டுனீய.”

நான் பையைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, வலது கையை இடது தோளிலும் இடது கையை வலது தோளிலும் வைத்தேன்.

அப்பாவுக்குக் குளிருதா என்று ஷெரின் அவளைக் கேட்டது உதட்டில் தெரிந்தது. எமரென்சி அவள் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அடுப்பில் ஏதோ கரிந்துகொண்டிருந்தது, வாசனை வந்தது. நான் கையை எடுக்கவில்லை. ஸ்கோரர் பார்த்துவிட்டேன் என்று காட்டும் வரை அம்பயர் அசையக்கூடாது.

வெகுநேரம் கழித்து, கரண்டியைப் பிடித்தபடியே, எமரென்சி கையைத் தூக்கினாள்.